எட்டாவது பலகை

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காள் கணவர் எழுதுவது. இங்கு யாவரும் சுகம் என்றுதான் தொடங்க நினைத்தேன். ஆனால் தணிக்கைத் துறையில் ஆயுசைக் கழித்தவன் முதல் வரியிலேயே பொய்க்கணக்கு எழுதக் கூடாது. உன் அக்கா சுகம். எனக்கு வலது கை முழங்கை வரை வீங்கிக் கிடக்கிறது. இதை இடது கையால் எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ பாதியிலேயே "சிக்னல் இல்ல அத்தான்" என்று நழுவிவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

ஓய்வு பெற்று வந்ததிலிருந்து நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பது உனக்கே தெரியும். சமையலறை டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டினேன், ஒரு குடும்பத்துக்கு இத்தனை கரண்டி எதற்கு என்று விளக்கம் கேட்டேன், ஃப்ரிட்ஜில் பாதி வெங்காயம் எவ்வளவு நாளாக நிலுவையில் இருக்கிறது என்று விசாரித்தேன். இப்படி உபயோகமாக இருந்த மனிதனைத்தான் நீ வந்து, "இது உங்க மூளைக்குன்னே செஞ்ச விளையாட்டு அத்தான்" என்று சொல்லி, போனில் எதையோ ஏற்றிக் கொடுத்துக் காட்டுக்கு அனுப்பினாய். யாரோ ஒருவர் காட்டுப் பாதையில் டப்பா ஒன்றை ஒளித்துவைத்துப் புதிர் போடுவாராம். விடையைக் கண்டுபிடித்து, டப்பாவைத் தேடித் திறந்து, உள்ளே இருக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டுமாம். பரிசு கிடையாது. இதைவிட அரசாங்கத்தனமான விளையாட்டு இருக்க முடியாது என்பதால் எனக்கும் பிடித்துத்தான் போயிற்று. முதல் மூன்று டப்பாக்களையும் எடுத்தேன். நான்காவதில்தான் என் மானம் போயிற்று.

இந்தப் பக்கத்துப் புதிர்கள் எல்லாவற்றையும் போடுகிறவர் 'ஓணான்' என்ற பெயரில் ஒளிந்திருக்கிற ஓர் ஆசாமி. நான்காவது புதிர் இது: "ஓடை மேல் மரப்பாலம். அதில் எத்தனை பலகையோ, அத்தனை நூறு அடி பாதையில் மேலே நட. அங்கே எந்நேரமும் வாயைத் திறந்தே வைத்திருப்பவன் காலடியில் தேடு." எங்கள் கீழ்வீட்டில் இருக்கும் பல் டாக்டரும் ஓய்வு பெற்றவர், அவரும் பொழுது போகாமல் தவிக்கிறார் என்பதால் துணைக்கு அழைத்துப் போனேன். "வாயைத் திறந்து வச்சிருந்தா அது என் ஆளுதான் சார்" என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். பாலத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே இருந்தவை ஏழு பலகைகள். நடுவில் ஒரு பலகை போய், ஓடை தெரிந்தது.

"ஏழு சார்" என்றார் டாக்டர்.

"எட்டு. எட்டுக்கும் ஆணி அடிச்சிருக்கு பாருங்க. ஒன்னு காணோம்னா காணோம்னுதான் எழுதணும். வாங்கவே இல்லைன்னு எழுத முடியுமா?"

"விழுந்த பல்லை நாங்க எண்ண மாட்டோம் சார்."

"அதனாலதான் உங்க தொழில்ல இவ்வளவு குழப்பம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று உன் அக்காவுக்குப் போன் போட்டு நிலவரத்தைச் சொன்னால், அவளும் "ஏழுன்னு வச்சுத்தான் ஒரு தடவை பாருங்களேன்" என்கிறாள். உனக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். பின்னால் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. டி.வி. என்றாள். பாவம், நான் இல்லாத நேரத்தில் அவளுக்கும் டி.வி.யை விட்டால் வேறு துணை யார்.

எண்ணூறு அடியில் என்ன இருந்தது தெரியுமா? நடக்க வருகிறவர்களுக்காகக் கட்டிவிட்டிருக்கும் கழிப்பறை. அதன் பின்புறம், சுவரிலிருந்து வாயைப் பிளந்தபடி நீட்டிக்கொண்டு ஒரு தண்ணீர்க் குழாய். பார்த்தீர்களா என்று டாக்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழாய்க்குக் கீழே இருந்த பொந்தில் கையை விட்டேன். உள்ளே ஒரு குடும்பமே இருந்தது, கட்டெறும்புக் குடும்பம். நான் போட்ட சத்தத்தில் டாக்டர் ஓடிவந்து, ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, பல் பிடுங்குகிற வேகத்தில் என்னைப் பிடுங்கினார். கை வந்துவிட்டது, பேன்ட் வராமல் குழாயில் மாட்டிக்கொண்டு கிழிந்தது, குழாயும் கையோடு வந்துவிட்டது. அந்தக் கோலத்தில் நாங்கள் நிற்கும்போதுதான் வனக்காவலர் வந்து சேர்ந்தார்.

"குழாயை எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"குழாய் இல்லப்பா, ஒரு டப்பா தேடுறோம்" என்றார் டாக்டர்.

"என்ன டப்பா?"

"தெரியாது."

"உள்ள என்ன இருக்கும்?"

"ஒரு பேப்பர். கையெழுத்துப் போடணும்."

"போட்டுட்டு?"

"திரும்ப அங்கேயே வச்சிருவோம்."

அவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, "வீட்ல யாராச்சும் இருக்காங்களா, போன் பண்ணட்டுமா?" என்று கேட்டார், மச்சான். ஒரு காலத்தில் நான் ஆபீசுக்குள் நுழைந்தாலே மேலதிகாரிகள் பைலைத் தேடி ஓடுவார்கள். அந்த என்னைப் பார்த்து. திரும்பும்போது மனம் விட்டுப்போய், பாதை வளைகிற இடத்தில் பிளந்து கிடக்கும் ஒரு பெரிய பாறையின் மேல் இருவரும் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தோம்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். உன்னை மாதிரி இந்த விளையாட்டில் ஊறினவர்களுக்கு அந்த ஓணானைத் தெரிந்திருக்கும். எட்டுதான் சரி, புதிரில்தான் தவறு என்று அவன் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் காட்டுக்கு ஒரு கும்பிடு. இனி முழுநேரமும் வீடுதான். பீரோக்கள் இன்னும் தணிக்கை ஆகவில்லை, சமையலறையில் இரண்டாம் கட்டமும் பாக்கி இருக்கிறது. உன் அக்காவிடம் சொன்னேன். சந்தோஷத்தில் அவளுக்குப் பேச்சே வரவில்லை.

குழந்தைகளுக்கு என் ஆசிகள், உன் மனைவிக்கு என் விசாரிப்புகள். நீயும் நீண்ட காலம் நல்லபடியாக இரு, எனக்குப் பதில் எழுதிவிட்டு.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுகிறேன். ஸ்டாம்ப் ஒட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டு அவர் தூங்கப் போய்விட்டார். கையைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் பீரோ என்ற வார்த்தையைக் கேட்டதும் அந்த அழுகை நின்று வேறு அழுகை வந்தது. நீ சொல்லிக்கொடுத்தபடி ஓணான் என்ற பெயரில் புதிரை நான்தான் எழுதினேன். டப்பாவைக் கீழ்வீட்டு டாக்டரம்மா கொண்டுபோய் வைத்தார்கள். இவரும் டாக்டரும் வெளியே போகிற அந்த ஒரு பொழுதுதான் எங்கள் இரண்டு வீட்டிலும் பெண்பிள்ளைகள் நிம்மதியாக உட்கார்ந்து காபி குடிக்கிறோம். அதற்கு இப்போது ஆபத்து வந்துவிட்டது. டப்பா எழுநூறு அடியில் இருக்கிற அந்தப் பிளந்த பாறைக்குக் கீழேதான் இருக்கிறது, இரண்டு பேரும் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார்கள். நாளை விடியற்காலையில் நானும் டாக்டரம்மாவும் நடக்கப் போகிற சாக்கில் போய், அதை எடுத்து, எறும்பில்லாத பக்கமாகப் பார்த்துக் கழிப்பறைக்குப் பின்னால் வைத்துவிடுகிறோம். நீ அவருக்குப் போன் பண்ணி, ஓணான் தோற்றுப்போய் மன்னிப்புக் கேட்டது, எட்டுதான் சரி, இன்னொரு தடவை போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிடு. எங்களுக்குச் சிரமமாயிற்றே என்று யோசிக்காதே. இந்தச் சாமான் இங்கேதான் இருக்கிறது என்று அவர் சொன்னால், அவர் போய்ப் பார்ப்பதற்குள் அதைக் கொண்டுபோய் அங்கே வைப்பது கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்கிற வேலைதானே.