என் மனைவியின் பெயரில் ஒரு ஷார்ட்கட்

ஜனவரி 29

என் உடன்பிறந்த தம்பி ஹால்வார்டுக்கு, அண்ணன் எய்லர்ட் எழுதுவது.

உன் கைபேசியில் ஒரு ஷார்ட்கட்டுக்கு என் மனைவியின் பெயரை வைத்திருக்கிறாய். இதுதான் நீ செய்த தவறு. மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தது.

நலம் விசாரிக்க வேண்டிய இடம் இது. நீ நலமாக இருப்பது எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்தே தெரிகிறது. நேற்றுக் காலை எங்கள் மேசையில் மூன்றாவது வாஃபிளுக்கும் கை நீட்டினாய். எனக்கும் உடம்புக்குக் குறைவில்லை, நீ கேட்காவிட்டாலும் சொல்லி வைக்கிறேன். உன் தபால் பெட்டியும் என் தபால் பெட்டியும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன என்பதை நான் மறக்கவில்லை. ஆனாலும் இந்தக் கடிதம் படகேறி நகரத்துக்குப் போய், முத்திரை குத்திக்கொண்டு, நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்து, என் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி உன் பெட்டியில் விழட்டும். நேரில் கொடுத்தால் என் எதிரிலேயே பிரித்துச் சிரிப்பாய்.

கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறன்று எங்கள் வீட்டுக்கு வந்தாய். பதினோரு கிலோ காட் மீனைப் பிடித்ததாகச் சொல்லிப் படத்தைக் காட்டுவதற்காகக் கைபேசியை என்னிடம் கொடுத்தாய். மீனின் வாலைப் பார்க்க நான் விரலைத் தள்ளினேன். மீன் போய்விட்டது, நான்கு வண்ணக் கட்டங்கள் வந்தன, தொட்டால் காரை இயக்கும் ஷார்ட்கட்டுகள். ஒன்றில் ‘கராஜ்’, ஒன்றில் ‘கேபின்’, ஒன்றில் ‘படகுத்துறை’, நான்காவதில் ‘அஸ்பியோர்க்’. முதல் மூன்றும் இடங்கள். நான்காவது என் மனைவி. அவள் அப்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாஃபிள் மாவு கலக்கிக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கட்டத்தை அழுத்தினேன், அழுத்தாமல் எவன் இருப்பான். வெளியே உன் கார் இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு உறுமத் தொடங்கியது. உறுமல் என்று சொல்லக்கூடாது, மின்சாரக் கார் உறுமாது, முனகும். அந்த முனகல் கேட்டதும் அஸ்பியோர்க் கரண்டியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கோட்டை எடுத்து ஒரு கையை நுழைத்துவிட்டாள்.

“எங்க கிளம்பிட்டே? இன்னைக்கு ஞாயித்துக்கிழமை,” என்றேன்.

“ஓ, ஆமால்ல,” என்று சொல்லிக் கோட்டைத் திரும்ப ஆணியில் மாட்டினாள்.

நாற்பத்தாறு வருடம் என் டீசல் வண்டியின் ஹாரனை அவளுக்காக அடித்திருக்கிறேன். மூன்று முறை அடித்தால்தான் ஜன்னலில் தலை தெரியும், நான்காவதுக்கு “காது செவிடா எனக்கு” என்பாள், பிறகு குளியலறைக்குப் போவாள். உன் கார் ஒரு முனகு முனகினால் கோட்டில் கை போகிறது. நான் உன்னிடம் மரியாதையாகத்தான் கேட்டேன், இது என்னடா பெயர் என்று. நீ வெட்கமே இல்லாமல் சொன்னாய்:

“அதுவா அண்ணே, அதை அமுக்குனா பக்கத்து சீட்டு மூணாம் நம்பர் சூட்டுக்குப் போயிரும். பாட்டுக்குழுவுக்குப் போறப்ப அண்ணி இடுப்புக்கு இதமா இருக்கும்.”

அந்த இடுப்புக்கு நாற்பத்தாறு வருடமாகப் பொறுப்பு நான். மூன்றாம் நம்பர் எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கிறது.

நீ இரண்டு வருடம் முன்பு அந்தக் காரை வாங்கியபோது அதைச் சக்கரம் வைத்த ரொட்டி அடுப்பு என்று சொன்னவன் நான், மறுக்கவில்லை. போன அக்டோபரில் நானும் அதே அடுப்பை வாங்கினேன், அதையும் மறுக்கவில்லை. ஆனால் உன்னைப் பார்த்து வாங்கவில்லை. டீசல் வண்டி படகுத்துறைச் சரிவில் நின்றுபோனதால் வாங்கினேன். முப்பத்தெட்டு வருடம் கப்பல் இயந்திரங்களைக் கழற்றி மாட்டியவன், ஒருநாளும் வகுப்பில் உட்கார்ந்ததில்லை. ஆகவே உன்னிடமோ வேறு யாரிடமோ கேட்காமல், பத்து டேக் உள்ள அட்டை ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். பொத்தான் அளவு வெள்ளை வட்டம், பின்னால் பசை. போனை அருகில் கொண்டுபோனால் நாம் எழுதி வைத்த வேலையைக் கார் செய்ய வேண்டும். நீ வாசல் கதவோரம் ஒன்று ஒட்டியிருக்கிறாய், பூட்ஸ் மாட்டும்போது கைபேசியால் அதைத் தொடுகிறாய், பூட்ஸ் கயிறு கட்டி முடிப்பதற்குள் உன் கார்க் கண்ணாடியில் பனி உருகி ஓடுகிறது. எத்தனை காலை இதை ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன் என்று சொல்லமாட்டேன்.

முதல் டேக்கைப் பனி வாரும் மண்வெட்டியில் ஒட்டினேன். காரணம் உண்டு. காலையில் முதல் வேலை பனி வாருவது, வாரி முடிக்கவும் கார் சூடாகவும் சரியாக இருக்கும். போனைக் கொண்டுபோய் வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தி வைத்தேன். தேய்த்தேன். அதற்குள் போன் திரை பூட்டிக்கொண்டது, திறக்க என் முகத்தைக் கேட்டது, முகத்தில் கம்பளிச் சால்வை, சால்வையை இறக்கினால் மைனஸ் பதினான்கு. சால்வையை இறக்கி, முகத்தைக் காட்டி, மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நீ, “அண்ணே, அலுமினியத்துல வேலை செய்யாது. மரத்துல ஒட்டு,” என்றாய். அது எனக்கும் அந்த நொடியில்தான் தோன்றியது. ஆனால் நீ சொன்ன பிறகு அதை உரித்து மரத்தில் ஒட்டினால் அது உன் யோசனை ஆகிவிடும். அந்த டேக் இன்றும் மண்வெட்டியில்தான் இருக்கிறது, அங்கேயே இருக்கும். இரண்டாவது டேக்கைக் கதவுச் சட்டத்தில் ஒட்டினேன். சட்டம் மரம் என்பது தற்செயல்.

இரண்டாவது வேலை செய்தது. செவ்வாய்க்கிழமை, பாட்டுக்குழு நாள். உனக்கு முன்னால் நான் காரைச் சூடாக்கிவிட வேண்டும் என்று மதியமே ஷார்ட்கட்டை எழுதி முடித்தேன். உள்ளே வெப்பம் இருபத்திரண்டு. பக்கத்து சீட்டுக்கு மூன்றாம் நம்பர், அதை உன்னிடமிருந்து எடுத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதோடு ஜன்னல்கள் நான்கையும் இரண்டு விரல் அளவு திறக்கச் சொன்னேன், ஏனென்றால் சூடு ஏறும் இடத்தில் காற்றுக்கு வழி விட வேண்டும், இது இயந்திர அறையின் முதல் பாடம், அந்தப் பாடத்தால் நான் ஒரு கப்பலையே காப்பாற்றியிருக்கிறேன். வடமேற்குக் காற்று அன்று கிளம்பியது. நாற்பது நிமிடம் காற்று பனியைக் கொண்டுவந்து நான்கு ஜன்னல் வழியாகவும் கொட்டியது, மூன்றாம் நம்பர் சீட்டு அதை உடனுக்குடன் உருக்கியது. அஸ்பியோர்க் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த சத்தம் எனக்குக் கேட்டது.

“எய்லர்ட், இது காரா, மீன் தொட்டியா?” என்றாள்.

இறங்கி, கோட்டின் பின்பக்கத்தைப் பிழிந்துவிட்டு, நேராக உன் காருக்கு நடந்தாள். நீ உள்ளேயிருந்தே கதவைத் திறந்துவிட்டாய். அதைத்தான் சொல்கிறேன். கதவு ஏற்கனவே திறக்கத் தயாராக இருந்தது.

அடுத்து சூரியன் திரும்பிய நாள். இதைப் பற்றி ஊரே பேசுவதால் உண்மையை எழுதி வைக்கிறேன். இரண்டு மாதம் மலைக்குப் பின்னால் கிடந்த சூரியன் ஆறு நிமிடம் தலைகாட்டும் என்று தெரிந்து, எல்லோரும் படகுத்துறையில் நின்றோம். பாட்டுக்குழு தெற்கே பார்த்து வரிசை கட்டியது, நீ இரண்டாம் வரிசையில், அஸ்பியோர்க் முதல் வரிசையில், குளிரில் உன் வாயிலிருந்து வந்த ஆவி அவள் தொப்பியில் பட்டது. சூரியனை வரவேற்க அவள் சுட்ட அறுபத்தெட்டு ஜாம் பன்களும் என் காரின் பின்பெட்டியில் இருந்தன. பன் அவளுடையது, கார் என்னுடையது, இது போதும் என்று நினைத்தேன். பன் அட்டைப்பெட்டியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அதில் மூன்றாவது டேக்கை ஒட்டியிருந்தேன். சூரியனின் விளிம்பு தெரிந்ததும் தொடுவேன், விளக்குகள் மின்னும், பின்பெட்டி தானே திறக்கும், உள்ளே அறுபத்தெட்டுச் சின்னச் சூரியன்கள். உனக்கு இப்படி ஒரு யோசனை இந்தப் பிறவியில் வந்திருக்காது.

விளிம்பு தெரிந்தது. தொட்டேன். விளக்கு மின்னுவதற்கு நான் தேர்ந்தெடுத்த கட்டளை, கூட்டத்தில் தொலைந்த காரைக் கண்டுபிடிக்கும் கட்டளையாம். அது ஹாரனும் அடிக்கும். பாட்டின் மூன்றாம் அடியில் ஹாரன் புகுந்தது. நிறுத்துவதற்காக மறுபடி தொட்டேன், அது முதலிலிருந்து தொடங்கியது. மறுபடி தொட்டேன். பின்பெட்டி இதற்கிடையில் திறந்து நின்றதைக் கடற்காகங்கள் கவனித்துவிட்டன. ஒன்று வந்தது, அது மற்றவற்றுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் மூடியை வீசி விரட்டினேன், கையிலிருந்த போன் மூடியில் பட்டு மறுபடியும் ஹாரன். பாட்டு நின்றுபோனது. ஆறு நிமிடச் சூரியனில் நான்கு நிமிடம் எல்லோரும் என் காரைப் பார்த்தார்கள்.

நீ வரிசையை விட்டு வந்து, “கையாலயே சாத்தலாம் அண்ணே,” என்று சொல்லிச் சாத்தினாய். அஸ்பியோர்க் சிரித்ததை நான் குறை சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், பாதிரியார் தூணுக்குப் பின்னால் போய்ச் சிரித்தார். ஆனால் அவள் உன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதுவும் அறுவைச் சிகிச்சை செய்த தோள். நீ முகம் சுளிக்கவில்லை. என் கார் முழுக்கப் பறவை எச்சமாக இருந்ததால் வீட்டுக்கும் உன் காரில்தான் வந்தாள், மூன்றாம் நம்பரில்.

உன் மனைவி போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது, தனி வீடு எவ்வளவு குளிரும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்காக என் வீட்டுச் சூட்டை எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே செய்ய வேண்டியவை இவை. அந்தப் பெயரை நீயே, உன் விரலாலேயே அழிக்க வேண்டும். அந்த இடத்தில் ‘பக்கத்து சீட்டு’ என்று எழுதிக்கொள், அதற்கு மேல் வேண்டாம். செவ்வாய்க்கிழமைகளில் என் கார் கிளம்பும் வரை உன் கார் முனகக் கூடாது. பாட்டுக்குழுவில் நீ மூன்றாம் வரிசைக்குப் போக வேண்டும், உன் குரலுக்கு அதுவே அதிகம். அஸ்பியோர்க்கிடம் இதைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

உன் தூண்டிலில் மீன் விழட்டும், உன் தோள் ஆறட்டும், உன் கூரையில் பனி பாரமாகத் தங்காதிருக்கட்டும். கோபத்திலும் மூத்தவன் வாழ்த்து வாழ்த்துதான்.

இப்படிக்கு,
எய்லர்ட்

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டிவிட்டேன், உறையை மூடவில்லை. அதற்குள் மூக்குக் கண்ணாடியைத் தேடி வந்த அஸ்பியோர்க் எல்லாவற்றையும் படித்துவிட்டாள். நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

“அவன் வீட்டுல அந்த டேக்கையெல்லாம் யாரு ஒட்டுனதுன்னு நினைச்சே?” என்றாள்.

“அவன்தான்.”

“ஹால்வார்டா? அவனுக்குப் போன்ல எழுத்தைப் பெருசாக்கவே தெரியாது. தோளை வெட்டித் தைச்சுட்டு வந்து ஒத்தக் கையால கண்ணாடியில ஐஸைச் சுரண்டிக்கிட்டு நின்னான். பார்க்கச் சகிக்கலை. நான்தான் டேக் வாங்கி ஒட்டி, ஷார்ட்கட் எழுதிக் குடுத்தேன். என் இடுப்புக்கு நானே எழுதிக்கிட்டது, அதனால என் பேரு.”

“அலுமினியத்துல வேலை செய்யாதுன்னு அவன் சொன்னானே?”

“நான் சொன்னதைச் சொல்லியிருப்பான்.”

“காரு சத்தம் கேட்டதும் கோட்டை மாட்டுனியே?”

“நான் எழுதுனது சரியா ஓடுதான்னு பார்க்கத்தான். நீ ஞாயித்துக்கிழமைன்னே. உன்கிட்ட யாரு வாதாடுறது?”

இதெல்லாம் அவளுக்கு யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். யாரும் இல்லை, தானே கற்றுக்கொண்டதாகச் சொன்னாள். என் காருக்கு ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். நவம்பரில் செய்து தரட்டுமா என்று கேட்டாளாம், என் இன்ஜினில் கை வைக்காதே என்று நான் சொன்னேனாம். சொன்னேன்.

ஆகவே மேலே எழுதியதை மாற்றிக்கொள். நீ எதையும் அழிக்க வேண்டாம், மூன்றாம் வரிசைக்கும் போக வேண்டாம். உன் தோள் ஆறும் வரை உன் கார்க் கண்ணாடியைச் சுரண்ட வேண்டியவன் நான், இத்தனை நாள் வந்திருக்க வேண்டியவனும் நான். அது தானாக உருகினாலும் வந்து சுரண்டுவேன், என்னைத் தடுக்காதே. என் காரின் ஜன்னல் கட்டளையை எடுத்துவிட வேண்டியவள் அவள். மீதி ஏழு டேக்கை என் வீட்டில் எங்கெங்கே ஒட்டுவது என்று முடிவு செய்ய வேண்டியவளும் அவளே. இதையெல்லாம் அவளிடம் போய்க் கேட்க வேண்டியவன் நீ. நான் கேட்க மாட்டேன்.