உதயகுமார் போர்டு திறந்த கதை

மைத்துனன் திருமுருகன் வீட்டு வாசற்படியை இனி மிதிப்பதில்லை என்று உதயகுமார் சபதம் எடுத்து எட்டு மாதம் முடிந்திருந்தது. சபதம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் மகள் ரோஷினிக்குக் கல்யாணம் குதிர்ந்துவிட்டது.

பத்திரிகை அச்சாகி வந்து, பீரோ மேல் கட்டாகக் கிடந்தது. முதல் பத்திரிகை சாமிக்கு. அது ஆயிற்று. அடுத்தது பெண்ணின் தாய்மாமனுக்கு. புருசன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஜோடியாகப் போய், நல்ல நாள் நல்ல நேரத்தில், தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் வேறு யாருக்கும் ஒரு பத்திரிகை வீட்டைவிட்டு நகராது. ரோஷினிக்கு இருக்கும் ஒரே தாய்மாமன், கோமளாவின் தம்பி திருமுருகன்.

"வாட்சப்புல அனுப்பு" என்றார் உதயகுமார்.

"தாய்மாமனுக்கா?"

"அவன் கம்ப்யூட்டர்காரன். அவனுக்கு அதான் மரியாத."

கோமளாவுக்கு இருபத்தாறு வருஷ அனுபவம். இந்த மனுஷனோடு நேரே மோதினால் சுவருக்குத்தான் சந்தோஷம் என்பது அவளுக்குத் தெரியும்.

உதயகுமார் பதினான்கு வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத்துப் பட்டறையைக் கூட்டிப் பெருக்க வந்தவர். அடி, திட்டு, பசி மூன்றும் சேர்ந்து அவருக்குப் பாடம் நடத்தின. இன்றைக்குக் குமணன்சாவடியில் சொந்தக் கடை. பழைய இன்வெர்ட்டர், பழைய கேமரா, பழைய எதுவும் வாங்குவார், விற்பார். ஆளை உயர்த்தியது பேரம். மூன்று நாள் மாத்திரை எழுதிய டாக்டரிடம் "ரெண்டு நாள்ல முடிச்சுக் குடுங்க சார்" என்று கேட்டவர். மகள் பிறந்தபோது ஜாதகம் எழுதியவரிடம் ஏழரைச் சனியை ஐந்தாகக் குறைக்கப் பார்த்தவர்.

சண்டையும் பேரத்தால்தான் வந்தது. திருமுருகன் பாரிவாக்கத்தில் ஆறாவது மாடியில் வீடு வாங்கினான். கிரகப்பிரவேசத்துக்கு அந்த வீட்டு மர அலமாரியைச் செய்த ஆசாரியும் வந்திருந்தார். உதயகுமார் அலமாரியைத் தட்டிப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். "இன்னா ரேட்டு போட்டீங்க?" என்று ஆரம்பித்தார். பக்கத்தில் அடுக்குமாடிக்காரர்கள் இருபது பேர் நின்றிருந்தார்கள். திருமுருகன் சொன்னான்: "மாமா, இங்க பேரம் பேசாதீங்க."

அவ்வளவுதான். உதயகுமார் செருப்பை மாட்டினார். லிப்டு வர நேரமாகும் என்று ஆறு மாடியையும் படியிலேயே இறங்கினார். பின்னால் யாரோ ஏதோ கூப்பிட்டுச் சொன்னார்கள். காதில் வாங்கவில்லை. இலையில் உட்காராமல் திருநின்றவூர் வீட்டுக்கு வந்து சேர்ந்து, பழைய சோற்றைத் தின்றுவிட்டுச் சபதம் போட்டார்.

இந்த நிலைமையில்தான் அந்த போர்டு வந்தது.

மூடிப் போன ஒரு கம்பெனியின் சாமான்களைக் காயலாங்கடை ரூபஸ் மொத்தமாக எடுத்திருந்தான். அதில் ஒரு நெட்வொர்க் போர்டு. உள்ளங்கை அகலம், பச்சை நிறம், மேலே மூடி கிடையாது, நான்கு கேபிள் வாய். கடைக் கேமராக்களை வீட்டிலிருந்தே பார்க்க இது போதும் என்று கணக்குப் போட்ட உதயகுமார், ஒரு மணி நேரம் நின்று பேசி, இரண்டு பிரியாணி விலைக்கு வாங்கி வந்தார். மின்சாரம் கொடுத்தார். விளக்கு எரிந்தது. லேப்டாப்பில் சேர்த்தார். போர்டு பாஸ்வேர்டு கேட்டது.

ரூபஸுக்குப் போன் போட்டார்.

"அண்ணாத்தே, போர்டு வித்தேன். சாவி சேத்து விக்கறேன்னு சொன்னேனா? நீ கொறைச்ச கொறைப்புக்கு அது எரியறதே பெருசு."

"திருவைக் கேளுங்களேன்" என்றாள் கோமளா. "அவன் ஆபீஸ்ல இதான வேலை."

"அவன் பேர எடுக்காத."

கோமளா போர்டைப் போனில் படம் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பத்து நிமிஷம் கழித்து இறங்கி வந்தாள்.

"கேட்டேன். அவனாலயே முடியாதாம்."

உதயகுமார் திரும்பினார். "இன்னா சொன்னான்?"

"இந்த மாடல் தொறக்காதாம். பெரிய பெரிய இன்ஜினியருங்களே கைய விட்டுட்டாங்களாம். மாமாவால எல்லாம் ஆவாது, தூக்கிப் போடச் சொல்லுன்னான்."

"மாமாவால ஆவாதா?"

"அப்படித்தான் சொன்னான்."

"தொறக்கறேன். தொறந்து, அத்த எடுத்துகினு போயி, அவன் ஊட்டு டேபிள் மேலயே வெச்சு, இன்னாடா சொன்னன்னு கேக்கறேன்."

"வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொன்னீங்க."

"மிதிக்கவா போறேன்? அவன் மூஞ்சில கரி பூசப் போறேன். அது வேற இது வேற."

"எப்பப் போவீங்க?"

"தொறந்த அடுத்த நிமிசம். வண்டி வாசல்லதான கீது."

அன்று செவ்வாய்க்கிழமை.

உதயகுமார் வீடியோ பார்த்துப் படித்தார். எந்த போர்டிலும் பூட்லோடர் என்று ஒன்று இருக்கிறது. மின்சாரம் வந்ததும் முதலில் கண் விழிப்பது அதுதான். அது எழுந்து, எல்லாம் சரியா என்று பார்த்து, பிறகு மற்றவர்களை எழுப்பும். பாஸ்வேர்டு கேட்கிறவர் பின்னால் எழுந்திருப்பவர். அவர் எழுவதற்கு முன்னால் பூட்லோடரைப் பிடித்து நிறுத்திவிட்டால், வீடு நம் கையில்.

"நம்ம ஊட்ல அது யாருன்னு தெரியுமா?" என்று மனைவியிடம் கேட்டார், புது ஞானம் வந்த பெருமையில்.

"அஞ்சு மணிக்கு எழுந்து பால் வாங்கறவங்க" என்றாள் கோமளா.

போர்டின் ஓரத்தில் வரிசையாக ஐந்து பின். கருப்பு ஒயர் தரைக்கு. பச்சை ஒயரில் போர்டு பேசும், கம்ப்யூட்டர் கேட்கும். வெள்ளை ஒயரில் கம்ப்யூட்டர் பேசும், போர்டு கேட்கும். நான்காவது மின்சாரத்துக்கு, தொடக்கூடாது. ஐந்தாவது எதோடும் சேராமல் சும்மா நிற்பது. உதயகுமார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று ஒயரையும் செருகினார். வீடியோவோடு ஒத்துப் பார்த்தார். அச்சு மாறாமல் இருந்தது.

"காபி ஆறுது. குடிச்சிட்டு வந்து சுவிட்ச் போடுங்க."

குடித்துவிட்டு வந்து சுவிட்சைப் போட்டார். கம்ப்யூட்டர் திரையில் எழுத்துகள் சரசரவென்று ஓடி, ஒரு வரியில் வந்து நின்றன. நிறுத்த வேண்டுமானால் ஏதாவது ஒரு பட்டனை அழுத்து என்றது அந்த வரி. மூன்று. இரண்டு. ஒன்று.

உதயகுமார் அழுத்தினார். போர்டு நிற்காமல் போய்விட்டது.

மறுபடி போட்டார். இரண்டு கையாலும் அழுத்தினார். போய்விட்டது. முழங்கையையும் சேர்த்துக்கொண்டார். போய்விட்டது.

புதன்கிழமை கீபோர்டு மேல் சந்தேகம் வந்தது. ஆவடிக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி, பேரத்தில் மவுஸ் ஒன்றையும் இலவசமாகப் பிடுங்கி வந்தார். போர்டுக்கு அந்தச் சாமர்த்தியம் புரியவில்லை. வியாழக்கிழமை வீடியோவில் வந்த பையனைத் திட்டிக் கீழே எழுதினார். ரோஷினி எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, ஒயர ஒருவாட்டி செக் பண்ணுங்களேன்."

"நான் செருகின ஒயரு. செருகினா செருகினதுதான். போய் வேலையப் பாரு."

அன்று சாயங்காலம் அவருக்குக் கையும் ஓய்ந்துவிட்டது, வாயும் ஓய்ந்துவிட்டது. எதையும் அழுத்தாமல் சும்மா சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று, இரண்டு, ஒன்று. கோமளா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள்.

"எதுக்கு அங்க வந்து நிக்குது அது?"

"யாருனா ஏதுனா சொல்லணுமான்னு பாக்குதாம். யாரும் சொல்லலன்னா அது பாட்டுக்குப் போயிடும்."

"ஒவ்வொரு வாட்டியுமா?"

"ஒவ்வொரு வாட்டியும். மூணு செகண்டு."

"பரவால்லயே" என்றாள் கோமளா. "நல்லா வளத்திருக்காங்க."

உதயகுமார் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"அது சொல்றது எனக்கு நல்லாக் கேக்குது. நான் சொல்றது அதுக்குக் கேக்க மாட்டேங்குது. அதான் பேஜாரு."

"கொஞ்ச நாள் அப்படி இருந்து பாருங்க" என்று முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். இரண்டு பிரியாணிக்கு வாங்கிய சாமான். அதற்கே மூன்று செகண்டு பொறுக்கத் தெரிகிறது. பட்டறையில் யாரும் அவருக்கு மூன்று செகண்டு கொடுத்ததில்லை. வாயைத் திறப்பதற்குள் அடி விழுந்துவிடும். அதனால் எதிராளி முடிப்பதற்குள் தான் முடித்துவிட வேண்டும் என்று கற்றுக்கொண்டார். அதில்தான் கடை வந்தது, வீடு வந்தது. ஆறு மாடி இறங்கியபோது பின்னால் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் வரவில்லை. இன்னொரு தடவை சுவிட்சைப் போட்டார். மூன்று, இரண்டு, ஒன்று.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோமளா தலைக்குக் குளித்து, பட்டுப் புடவையில் வந்து நின்றாள்.

"கோயிலுக்குப் போவணும். அதுக்குள்ள ஒருவாட்டி போடுங்க, பாத்துட்டுப் போறேன்."

அவர் நம்பிக்கை இல்லாமல் சுவிட்சைப் போட்டு, ஒரே ஒரு விரலால் அழுத்தினார்.

இரண்டில் நின்றது.

ஒரு அம்புக்குறி வந்து மினுக்கிக்கொண்டு அவருடைய உத்தரவுக்குக் காத்திருந்தது. உதயகுமார் கத்தவில்லை. மெதுவாகத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். வீடியோவில் வந்த வரிகளை எழுத்தெழுத்தாக அடித்தார். பழைய பாஸ்வேர்டு தொலைந்தது. பிறகுதான் குரல் வந்தது.

"கெளம்பு."

"எங்க?"

"உன் தம்பி ஊட்டுக்கு. நீயும் வா. அவன் மூஞ்சி போற போக்க நீயும் பாக்கணும்."

கோமளா ஏற்கெனவே ஒரு பை கட்டி வைத்திருந்தாள். கோயில் பை என்று நினைத்துக்கொண்டார். பட்டாபிராம், ஆவடி, பருத்திப்பட்டு என்று வண்டி பறந்தது. துண்டில் சுற்றிய போர்டும் லேப்டாப்பும் கோமளாவின் மடியில்.

ஆறாவது மாடியில் திருமுருகன் கதவைத் திறந்தான். "வாங்க மாமா. வா அக்கா."

"நான் விருந்துக்கு வரல. டேபிள் எங்க கீது?"

டேபிள் மேல் எல்லாவற்றையும் பரப்பினார். சுவிட்சைப் போட்டார். அழுத்தினார். நின்றது. கையைக் கட்டிக்கொண்டு மைத்துனனைப் பார்த்தார்.

"மாமா. இத நீங்களா தொறந்தீங்க?" திருமுருகனின் வாய் தேவைக்கு மேல் ஓர் அங்குலம் அதிகமாகவே திறந்தது. கண்ணையும் அகல விரித்தான். உதயகுமார் அந்தக் காட்சியை அவசரப்படாமல் அனுபவித்தார்.

"மாமா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தான்.

உதயகுமாரின் வாய் வழக்கம்போல முதலில் திறந்தது. திரையில் அம்புக்குறி மினுக்கிக்கொண்டிருந்தது. வாயை மூடினார். ஒன்று. இரண்டு. மூன்று.

"அன்னிக்கு நான் சொன்னதுல பாதிதான் நீங்க கேட்டீங்க மாமா. இங்க பேரம் பேசாதீங்க, இந்த ஆசாரி பாவம், உங்ககிட்ட மாட்டினா அலமாரியும் குடுத்துட்டு உளியும் குடுத்துட்டுப் போவாருன்னு சொல்ல வந்தேன். சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க அப்ப மூணாவது மாடில இருந்தீங்க."

உதயகுமார் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். ஆறு மாடி. எட்டு மாதம்.

"அந்த ஆசாரியும் சிரிச்சாரா?"

"அவருதான் மாமா மொதல்ல சிரிச்சாரு."

"ம்" என்றார். "உளிய நான் கேட்டிருக்க மாட்டேன்."

திருமுருகனின் மனைவி அகல்யா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணா, உங்களுக்கு வெங்காய வடை தனியா எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள். தான் வருவது இவளுக்கு எப்படித் தெரியும் என்று உதயகுமார் யோசிப்பதற்குள், கோமளா பையைத் திறந்தாள். தாம்பாளம் வந்தது. வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம், மஞ்சள், குங்குமம், நடுவில் ரோஷினியின் கல்யாணப் பத்திரிகை.

"தட்ட அந்தப் பக்கம் புடிங்க. மணி பத்தேகால். பத்தரைக்கு மேல ராகு காலம்."

அவர் பிடித்தார். திருமுருகனும் அகல்யாவும் ஜோடியாக வந்து நின்று வாங்கிக்கொண்டார்கள். திருமுருகன் குனிந்து அவர் காலைத் தொட்டான். எல்லாம் முறைப்படி முடிந்த பிறகுதான் உதயகுமாருக்கு மூளை ஓடியது.

"கோமளா. நல்ல நேரம் பாத்து, பட்டு கட்டி, தட்டெல்லாம் எடுத்துகினு வந்திருக்க. போர்டு இன்னிக்கு தொறக்கும்னு உனக்கு எப்டித் தெரியும்?"

கோமளா வடை ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"செவ்வாக்கெழமையே தொறந்திருக்குங்க. அன்னிக்கு அஷ்டமியாச்சே. அதான் நீங்க காபி குடிக்கறப்ப வெள்ள ஒயர உருவி, இன்னிக்குக் காலைல வரைக்கும் சும்மா நிக்கற பின்னுல மாட்டி வெச்சிருந்தேன்."