பெரட்டுக்கு வராத இராசம்மா

ஹட்டன் நகரத்திலேயே கம்ப்யூட்டரை அதட்டி வேலை வாங்கிய ஒரே மனிதர் எங்கள் பெரட்டு அண்ணன்தான். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்துபோயிருக்கும்.

தேயிலைத் தோட்ட மக்களுக்கு அடையாள அட்டை எடுக்க உதவும் சின்ன அலுவலகம் எங்களுடையது. விண்ணப்பங்களைப் பதிந்து வைக்கும் இணைய மென்பொருளை அண்ணன் ஒற்றை ஆளாக எழுதியிருந்தார். தோட்டங்களில் காலையில் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதைப் பெரட்டு என்பார்கள். அண்ணனும் தினமும் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, திரையில் இருக்கும் பெயர்களை உரக்கக் கூப்பிடுவார். ஒரு பக்கம் திறக்கத் தாமதித்தால், "என்னா, இன்னும் தூக்கமா?" என்று மேசையைத் தட்டுவார். அதுவும் பயந்துபோய்த் திறந்துவிடும்.

இரண்டாயிரங்களின் நடுவில், மென்பொருளைச் சுருக்கமாக எழுத உதவும் புது ஃபிரேம்வொர்க் ஒன்றைக் கற்றுக்கொண்டு கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தேன் நான். கால் தரையில் பாவவில்லை. அண்ணன் ஆயிரம் வரியில் எழுதியதை நான் இருபது வரியில் முடித்தேன்! மூன்றே வாரத்தில் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றிவிட்டு, பழையதை அழிக்க உட்கார்ந்தேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பெரட்டு எடுக்காம ஒண்ணையும் அழிக்கக் கூடாது."

"அண்ணே, கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுங்க."

"அது பண்ணாது. நீங்க பண்ணுவீங்களே தம்பி!"

பழைய திரையைப் பார்த்து அவர் பெயர் சொல்ல, புதிய திரையில் நான் தேடினேன். நகரத்துக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். அக்கரப்பத்தனை இராசம்மாவைக் காணோம். அவளுக்கு அடுத்த மாதம் ஆசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அவளைப் போலவே, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர் ஒருவரும் வரவில்லை. ஹட்டன் குளிரில் எனக்கு வியர்த்தது.

காரணம் நான்தான். வீதிப் பெயர் இல்லாத முகவரியை ஏற்கக் கூடாதென்று புது மென்பொருளுக்குக் கட்டளை போட்டிருந்தேன்.

"நீங்களும் லயத்துல பொறந்தவர்தானே?" என்றார் அண்ணன். "நம்ம லயத்துக்கு முன்னால என்னா வீதிங்க போகுது? அழுக்குத் தண்ணி ஓடுற கான்தானே போகுது!"

வெட்கமும் சிரிப்புமாக அந்தக் கட்டளையை நீக்கி, விடுபட்டவர்களைத் திரும்பக் கொண்டுவந்தேன். அண்ணன் மறுபடி கூப்பிட்டார்.

"இராசம்மா! அக்கரப்பத்தனை, நாலாம் நம்பர் லயம்!"

"இருக்காங்கண்ணே!" நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடை நானா என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார்.

நேர்முகத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு அட்டை வந்தது. அதை வாங்கக் காலையிலேயே வந்துவிட்டாள் இராசம்மா.

"என் பேரு விட்டுப்போச்சாமே, யாருங்க தேடிப் புடிச்சது?"

அண்ணன் சட்டென்று என்னைக் காட்டினார். "இந்தத் தம்பியோட புது சாமான்தாங்க. அது ஒரு ஆளையும் விடாது."

அந்தப் பச்சைப் பொய்யைக் கேட்டுக் கண் கலங்கியதை மறைக்க, நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷனை எப்படிப் பிடிக்காமல் போகும்?