கண் இல்லாத முந்நூறு பிள்ளையாரும் பெயர் இல்லாத ஒருத்தியும்

விருத்தாசலம்

இதழாசிரியர் பானுமதி அம்மாளுக்கு, பீங்கான் தொழிற்பேட்டை ஐந்தாவது ஷெட்டிலிருந்து கலியமூர்த்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே எல்லாரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே நானும் நலம். முந்தாநாள் வரை இல்லை.

போன மாதம் அனுப்பிய ஹிந்திக் கதை மொழிபெயர்ப்பைத் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள். ஹிந்திப் பரீட்சையில் மூன்றாவது தடவை தேறியவன் செய்த வேலை அது. செங்கல் சூளையில் வேகும் ஏழைப் பெண்ணின் கதை என்று சொன்னேனே, அதில் சூளை முதலாளிக்குப் பெயர் உண்டு, அவர் குதிரைக்கும் உண்டு, அவளுக்கு மட்டும் கிடையாது. பதினாலு பக்கமும் 'அந்தப் பெண்', 'அந்தப் பெண்' என்று எழுதிக் கை ஓய்ந்து, எங்கள் ஷெட்டில் பொம்மைக்குக் கண் எழுதும் அமிர்தத்தின் பெயரை வைத்துவிட்டேன். வைத்தவன் சும்மா இருந்தேனா, பெருமை தாங்காமல் சாப்பாட்டு வேளையில் எல்லாருக்கும் உரக்கப் படித்தும் காட்டினேன். அவளும் எதிரே உட்கார்ந்து கேட்கிறாள் என்பது பாதியில்தான் உறைத்தது. நிறுத்தினால் விடுவாளா, முடிக்கச் சொல்லி முழுசாகக் கேட்டாள். பிறகு பிரஷ்ஷைக் கழுவி வைத்தாள்.

"ஏண்ணே, பதினாலு பக்கமா அவ ஒரு வாய் சோறு திங்கல. ரவுக்க கிழிஞ்சே கெடக்குது, ஊசி நூலு கெடைக்கலியா? அந்த மொதலாளி அவ்ளோ பேசுறான், ஒரு வார்த்த திருப்பிக் கேக்கல. இதுவா நானு?"

வீட்டுக்குப் போய்விட்டாள். கொலுவுக்குப் போகவேண்டிய முந்நூறு பிள்ளையார் கண் இல்லாமல் உட்கார்ந்துவிட்டார்கள். நானே ஒருவருக்கு எழுதிப் பார்த்தேன், எலியை முறைக்கிறார்.

மறுநாள் அவள் ஊரான கம்மாபுரத்துக்கு வண்டியை விட்டேன். அமிர்தம் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள், கூடவே நிபந்தனையும்: கதையில் அவளுக்கு ஒரு வேளைச் சோறு, ஒரு ஊசி, ஒரு பதில். அடுத்தவர் கதையில் நான் எப்படிச் சோறு போடுவது? கதை எழுதியவருக்கே போன் போட்டேன். என் ஹிந்தியைக் கேட்டு ஏதோ விளம்பரக்காரன் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டார். இரண்டாவது தடவை பொறுமையாகக் கேட்டார். "அவள் எப்போது சாப்பிடுவாள் என்று நான் யோசிக்கவே இல்லையே" என்றார். அவரே ஒன்றரைப் பக்கம் புதிதாக எழுதி அனுப்பினார். அதையும் தமிழாக்கிச் சேர்த்து, முழுக் கதையையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அமிர்தத்தின் பெயரை எடுத்துவிட்டு மறுபடியும் 'அந்தப் பெண்' என்றே போட்டுவிட்டேன். அவளும் வேலைக்கு வந்துவிட்டாள். அப்பாடா என்று இருக்கிறது. இனி ஒரு வம்பும் இல்லை, அப்படியே அச்சுக்குக் கொடுக்கலாம்.

உங்கள் கொலுவுக்கு ஒரு பிள்ளையார் அனுப்புகிறேன். கண், சத்தியமாக நான் எழுதியது இல்லை.

இப்படிக்கு,
கலியமூர்த்தி

பின்குறிப்பு: அண்ணன் கவர ஒட்டச் சொல்லிக் குடுத்தாங்க, படிச்சிட்டேன். சோறு தின்னு, ரவுக்க தெச்சி, எதுத்துக் கேட்ட பொறவு பேர எடுத்தா எப்படிங்கம்மா? எம் பேரே இருக்கட்டும். எடம் பத்தலன்னா அண்ணன் பேர எடுத்துடுங்க. அமிர்தம்.