ஆன்லைன் சித்தரும் நாற்பத்தேழாம் நம்பர் பெட்டியும்

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலம்பாளையத்தில் ஒரு பழைய பனியன் குடோன் முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இலவசக் கலர் டிவி கொடுக்கிறார்கள் என்று நினைத்து ரேஷன் கார்டோடு வந்தவர்களே பத்துப் பேர் இருப்பார்கள். விஷயம் தெரிந்த பிறகும் அவர்கள் போகவில்லை. வரிசை என்று ஒன்று இருந்தால் அதில் நின்று பார்க்காமல் நம்மவர்களுக்கு மனசு கேட்காது.

மற்றவர்கள் கையில் ஆளுக்கொரு வீடியோ கேம் பெட்டி. சிலர் துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவது போல மார்போடு அணைத்திருந்தார்கள். குடோன் வாசலில் பேனர் தொங்கியது. 'ஆன்லைன் சித்தர் ராசப்ப சுவாமிகள். செத்த பெட்டிக்கு உயிர் தரப்படும். தகடு, தாயத்து, ஜெப எண்ணெய் மூன்றும் கிடைக்கும். கடன் கிடையாது.' மதச்சார்பின்மையை இவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்த ஆளை நாடு அதுவரை பார்த்ததில்லை.

சித்தராவதற்கு முன்னால் ராசப்பன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஞானம் எப்போது வந்தது என்று கேட்டால், தீபாவளி முடிந்து மூன்றாம் வாரம் என்று தேதியோடு சொல்வார். 2009-ஆம் வருஷத்துத் தீபாவளி அது. ஊருக்குள் பிராட்பேண்டு வந்து, பனியன் கம்பெனிப் பையன்கள் போனஸ் பணத்தில் கேம் பெட்டி வாங்கி, சம்பளம் பத்தாமல் திருட்டு டிஸ்க் ஓடும்படி அதை மாற்றிக்கொண்டிருந்த காலம். பெட்டிக்குள் டிஸ்க் படிக்கிற டிரைவின் மூளையைச் சற்றே மாற்றினால் போதும். ஒரிஜினல் டிஸ்க் விலையில் ஐம்பது திருட்டு டிஸ்க் வாங்கலாம். எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. அந்த மூன்றாம் வாரத்தில் ஒருநாள் அமெரிக்கக் கம்பெனிக்காரன் உலகம் முழுக்க இருந்த மாற்றிய பெட்டிகளை ஒரே மூச்சில் பிடித்து, இனி ஆன்லைன் பக்கமே வராதே என்று பூட்டிவிட்டான். வேலம்பாளையத்தில் மட்டும் அறுபது பெட்டி அவுட்.

அதில் ஒன்று சாயிரா பானுவுடையது. அவளுக்கு அது விளையாட்டுச் சாமான் அல்ல. கல்யாணமாகி ஏழு மாதத்தில் ஷார்ஜாவுக்குப் போன புருஷன் நூருல்லா அங்கிருந்து அனுப்பி வைத்தது. அவனிடம் அதே மாதிரி ஒன்று. வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. சாயிரா வேலை முடிந்து வந்து ஹெட்போனை மாட்டினால், அங்கே அவன் ஒரு காரில், இங்கே இவள் ஒரு காரில். ரேஸ் என்று பெயர். இருவரும் காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். பின்னால் வரும் வெள்ளைக்காரன் ஹாரன் அடித்தே செத்துப்போவான். ஐ.எஸ்.டி. காசில்லாமல் ஒரு குடும்பம் நடந்தது. நடுவில் தம்பி தௌபிக் அக்காவுக்குத் தெரியாமல் பெட்டியைக் கொண்டுபோய் டிரைவை மாற்றிவிட்டு வந்தான். வெள்ளிக்கிழமை போயிற்று.

"அக்கா, சித்தர்கிட்டக் குடுத்துப் பாக்கலாங்க்கா. ஜெபக்குமார் அண்ணன் கேம் சென்டர்ல நாலு பொட்டிக்கு உசுரு குடுத்துட்டாருங்க்கா. என்ற கண்ணாலப் பாத்தேன்" என்றான் தௌபிக், குற்றம் செய்தவனுக்கே உரிய பணிவோடு.

"என்னடா பண்றாரு?"

"மூணு நாள் பின்னாடி ரூம்புல வெச்சு உள்பூஜைங்க்கா. சாட்டிலைட்டு வழியா அமெரிக்காக்காரன் கண்ணு பட்டிருக்குதாம். அதைய எடுத்துட்டு, செவப்புக் கயிறு கட்டிக் குடுப்பாரு. நாப்பத்தெட்டு நாளைக்கு மூடியத் தொறக்கக் கூடாது. தொறந்தா குடும்பத்துக்கு ஆகாதாம்."

சாயிரா சிரித்தாள். சிரித்தாலும் மனசுக்குள் ஒரு மூலையில், ஒருவேளை வந்துவிட்டால் என்று ஆசை எட்டிப் பார்த்தது. ஆசைப்பட்டவள் என்பதற்காக அவளைத் திட்ட வேண்டாம். அவள் ஆசைப்பட்டாளே தவிர, புத்தியைக் கழற்றி வாசலில் விடவில்லை.

அவளுக்கு வேலை கட்டிங் செக்‌ஷனில் நம்பர் ஒட்டுவது. ஒரே கலர் துணி என்றாலும் ரோலுக்கு ரோல் சாயம் ஒரு இழை மாறும். முன்பக்கம் ஒரு ரோலிலும் கை ஒரு ரோலிலும் வந்துவிட்டால், வெயிலில் சட்டை பல்லைக் காட்டும். அதனால் வெட்டிய ஒவ்வொரு துண்டிலும் குட்டி நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒரே நம்பர்தான் ஒரே சட்டையாகச் சேரலாம். நாளுக்கு மூவாயிரம் ஸ்டிக்கர் ஒட்டிய கை அது. பெட்டியைக் கொடுப்பதற்கு முன்னால் தம்பியின் ஸ்க்ரூ டிரைவரை வாங்கினாள். மூடியைத் திறந்து, மூடியின் உள்பக்கம் ஒன்று, டிரைவில் ஒன்று, பச்சை போர்டில் ஒன்று, எல்லாவற்றிலும் நாற்பத்தேழு என்று ஒட்டி மூடினாள்.

"எதுக்குங்க்கா?"

"வெளிய தையலுக்குத் தாட்டி உடற துணியில நம்பர் ஒட்டாம உடுவாங்களா? இதும் வெளி வேலைதானே?"

மூன்று நாள் கழித்து, அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கரை மணி. குடோனுக்குள் மேடை, மேடையில் டிவி, டிவியில் எலுமிச்சம்பழம் கட்டிய நெட் ஒயர். பெட்டியின் காற்றுத் துவாரத்தில் சித்தர் திருநீறு ஊத, உள்ளிருந்த ஃபேன் அதைத் திருப்பி அவர் மூக்கிலேயே ஊதியது. சித்தர் இரண்டு தும்மல் போட்டார். 'தோஷம் வெளியேறுகிறது' என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"நாப்பத்தேழாம் டோக்கன், சாயிரா பானு!" என்று கூப்பிட்டார்கள். முன்பே வாங்கிய டோக்கனைப் பார்த்துத்தான் அவள் நம்பர் ஒட்டியிருந்தாள்; அது தெரிந்தும், இரண்டும் ஒரே நம்பராக அமைந்ததை அதிசயம் என்றான் தம்பி. அதை அதிசயம் என்று நினைப்பவன்தான் டிரைவை மாற்றிவிட்டு வருவான்.

பெட்டியை மாட்டினார்கள். திரை மினுங்கியது. தடை என்ற அறிவிப்பு இல்லை. உள்ளே போயிற்று. நண்பர்கள் பட்டியலில், அன்று நைட் ஷிப்ட் என்பதால் பகலில் ரூமில் இருந்த நூருல்லாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. ஹெட்போனை எடுத்து மாட்டினாள்.

"சாயிரா? நீயாடி? எத்தன நாளாச்சு, அடியே!"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஆமாங்க, நாந்தானுங்க. இருங்க, பொறகு பேசறேன்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. கூட்டம் விசில் அடித்தது. ஜெபக்குமார், தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து கேம் சென்டர் நடத்துகிற ஆள், மேடையில் ஏறியே ஆடினார். "பாத்தியளா வே! சித்தருன்னா இவருல்லா சித்தரு!"

பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. வெள்ளிக்கிழமை திரும்பக் கிடைத்துவிட்டது, வேறென்ன வேண்டும்? அப்படித்தான் அவளும் நினைத்தாள், ஒரு நிமிஷம். அடுத்த டோக்கனோடு நின்ற பெண்ணைப் பார்த்த பிறகு கால் நகரவில்லை.

அந்தப் பெண் மயிலாத்தாள். உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வீடு. மகன் அமராவதி நகரில் ஹாஸ்டல் பள்ளியில் படிக்கிறான். லீவுக்கு வந்தால் விளையாட வாங்கிக் கொடுத்த பெட்டி அது. தோப்பில் நெட்டும் கிடையாது, ஒயரும் கிடையாது. பெட்டிக்கு ஒரு நோவும் இல்லை. "வருமுன் காப்போம்" என்று சித்தர் சொன்னதைக் கேட்டு, மூன்று நாள் முன்னால் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனவள், தகடு கட்டி வாங்கிப் போக அன்று மறுபடி பஸ் ஏறி வந்திருந்தாள்.

நல்ல பெட்டியை எதற்கு மூன்று நாள் பின்னறையில் வைக்க வேண்டும்? இந்தக் கேள்வி சாயிராவின் தலைக்குள் ஊசி மாதிரி ஏறியது. "தௌபிக்கு, ஸ்க்ரூ டிரைவரைக் குடு" என்றாள்.

சித்தர் எழுந்தே விட்டார். "அம்மணி! நாப்பத்தெட்டு நாள்! தொறந்தா உன்ற குடும்பத்துக்கு..."

"என்ற குடும்பம் ஷார்ஜாவுல இருக்குதுங்க. அத்தன தூரம் எட்டாதுங்க" என்று சொல்லிக்கொண்டே சிவப்புக் கயிற்றை வெட்டினாள். முன் வரிசை மூன்றாம் வரிசைக்குப் போயிற்று. தௌபிக் கண்ணை மூடிக்கொண்டான். இடி விழவில்லை. மூடி திறந்தது. மூடியின் உள்பக்கம் நாற்பத்தேழு. டிரைவில் ஒன்றுமில்லை. போர்டில் ஒன்றுமில்லை.

"உடம்பு ஒரு லாட்டு, கை ஒரு லாட்டுங்க" என்றாள் சாயிரா. பிறகு மயிலாத்தாளிடம், "அக்கா, உங்க பொட்டிய நாந் தொறக்கட்டுங்களா?"

மயிலாத்தாள் சித்தரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். "தொற கண்ணு. என்ற மயன் பொட்டிக்குள்ள என்ன கெடக்குதுன்னு எனக்குந் தெரியோணும்."

திறந்தார்கள். டிரைவில் நாற்பத்தேழு. போர்டில் நாற்பத்தேழு. அதை அப்படியே நெட்டில் மாட்டிப் பார்த்தால், திரையில் பழைய தடை அறிவிப்பு பளிச்சென்று வந்து நின்றது. ஆன்லைனே போகாத ஏமாளிகளின் நல்ல வயிற்றை எடுத்து, பூட்டு விழுந்த பெட்டிக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தார் மகான். நெட் இல்லாதவர்களுக்கு அது என்றைக்குத் தெரியப் போகிறது?

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தால் நீங்கள் நம் மக்களை அறியாதவர். சித்தர் கண்ணை மூடி, கையை உயர்த்தி, ஒரே வார்த்தை சொன்னார்: "கூடு விட்டுக் கூடு பாய்தல்!"

கூட்டத்தில் ஒரு "ஆ!" எழுந்தது. ஜெபக்குமார் தலையைச் சொறிந்தார். "அப்படியும் இருக்கும்லா? நல்ல ஆவி அங்கேயிருந்து இங்கே பாஞ்சிருக்கும். அதோட ஸ்டிக்கரும் பாஞ்சிருக்கும் போல." இரண்டு பேர் மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாயிராவுக்குக் கோபத்தில் காது சூடாயிற்று.

"செரிங்க. பாயட்டுங்க" என்றாள். "மூடிட்டேன் ரெண்டையும். இப்ப எல்லாரு முன்னாடியும், மூடியத் தொறக்காம, திரும்பப் பாய வைங்க. என்ற நம்பரு என்ற பொட்டிக்கு வந்துருச்சுன்னா, நானே உங்களுக்குச் சிஷ்யையா வந்துர்றேன்."

சித்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப ராகு காலம். ஆறு மணி வரைக்கும் சக்தி வேலை செய்யாது."

"அதுக்கென்னங்க, இருக்கறோம்."

இருந்தார்கள். கூட்டம் மொத்தமும் தரையில் உட்கார்ந்தது. டீக்கடைக்காரர் கேனோடு வந்துவிட்டார், பின்னாலேயே போண்டா. சித்தர் தியானத்தில் இருந்தார். ஒரு கண் மட்டும் பின்வாசலைத் தியானித்தது. அங்கே மயிலாத்தாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆறு அடித்தது. "தனியறை வேணும்" என்றார் சித்தர். "அஞ்சு நிமிஷம்."

"போங்க சாமி" என்று வழிவிட்டாள் சாயிரா. "பாயறதுக்கு ஸ்க்ரூ டிரைவர் எதுக்குங்க? மடியில இருக்கறத மட்டும் வெச்சுட்டுப் போங்க."

சித்தரின் கை தானாக மடியைப் பொத்தியது. அந்த அவசரத்தில் காவி வேட்டி நழுவ, உள்ளிருந்து இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு கைப்பிடி திருகாணி, சின்ன டார்ச் லைட், எல்லாம் மேடையில் உருண்டன. முதலில் தௌபிக்தான் சிரித்தான். பிறகு குடோன் கூரைத் தகரமே அதிரும்படி சிரித்தார்கள். ஜெபக்குமார் மட்டும் சிரிக்கவில்லை. "ஏ மக்கா, என் நாலு பொட்டி யாரு பொட்டிவே?" என்று மேடையில் ஏறினார்.

அடிக்க விடவில்லை சாயிரா. "அடிச்சா அவரு கை ஒடிஞ்சிரும், வேலைக்கு ஆகாது" என்றாள். ராசப்பனை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். அவர் அறையிலிருந்த நோட்டில் எது எவருடைய பெட்டிக்குப் போனது என்று அழகாக எழுதி வைத்திருந்தார், தொழில் சுத்தம். அவளே நம்பர் ஒட்ட, அவரே திருகாணி கழற்ற, வரிசையாக உடம்போடு உயிர் சேர்ந்தது. உண்மையைச் சொன்னால், அந்த வேலை அவருக்குத் தியானத்தைவிட நன்றாக வந்தது.

"அப்ப திருட்டு டிஸ்க்கு போட்டும் பூட்டு விழாம, தகடு கட்டுன பொட்டியெல்லாம் இத்தன நாளு எப்படித் தப்பிச்சுதுங்க?" என்று ஒருவர் விடாமல் கேட்டார்.

"நம்ம கம்பெனியில சரக்கு வாங்கற பையர் தெனமுமா வந்து பாக்கறான்?" என்றாள் சாயிரா. " கமுக்கமாப் பாத்து எழுதி வெச்சுக்குவான். ஒரு நாள் வந்து மொத்த லாட்டையும் ரிஜெக்ட் பண்ணுவான். நீங்க நெட்டு மாட்டுனதுமே பொட்டி தன்ற நம்பரையும் டிரைவு மாத்துன கதையையும் அமெரிக்காக்காரங்கிட்ட ஒப்பிச்சுரும். அடுத்த தாட்டி புடிப்பான். திருட்டு டிஸ்க்கு போட்டா புடிக்கத்தான் செய்வான், இதுல கண்ணு பட்டுது காது பட்டுதுன்னு என்ன இருக்குது?"

முதலில் மயிலாத்தாளின் பெட்டிக்குள் அதன் உயிரை வைத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது, அது நிஜம். அந்தப் போர்டோடு நூருல்லாவின் பச்சைப் புள்ளியும் பஸ் ஏறி உடுமலைப்பேட்டைக்குப் போகிறது. தன் செத்த பெட்டியை எடுத்துக்கொண்டபோது ஓரமாகத் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். அதற்குள் செல்போன் அடித்தது. ஷார்ஜா. "பொறகு பேசறேன்னுட்டு எங்கடி போன?" என்றான் அவன். நடந்ததைச் சொன்னாள். "குடுத்தது நல்லதுதான்டி" என்றான். "இனி வெள்ளிக்கிழமை நானே கூப்பிடறேன், காசு போனாப் போகுது."

கூட்டம் கலையத் தொடங்கியது. ஒருவர் மட்டும் தன் செப்புத் தகட்டைத் தடவிக்கொண்டே வந்து, "ஏனுங்க அம்மணி, காசு குடுத்து வாங்கினது. பைக்குலயாவது கட்டிக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

சாயிரா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க வீட்டுலயே ஸ்க்ரூ டிரைவர் இருக்குதுங்க. பொட்டியும் உங்களுதுங்க. ஒருத்தன் தொறக்காதேன்னான், நீங்க அறுபது பேரும் தொறக்கல. தொறக்காதேன்னு எவன் சொல்றானோ, அதைய மொதல்ல தொறந்து பாருங்க. தகட்டைப் பழைய இரும்புக் கடையில போட்டா செம்பு வெலையாவது கெடைக்கும். அந்தத் தலைய அப்படியே மூடி வெச்சிருந்தீங்கன்னா, அதுக்கு அந்த வெலையும் கெடைக்காதுங்க."