கிளினிக் றோட்டுக் கதிரைகள்

கற்பிட்டியிலிருந்து முந்தல் வரைக்கும் தேடினாலும், பெஞ்சாதியின் காலுக்கு இப்படிப் பயந்த ஒரு ஆம்பிளையைக் காண ஏலாது. சொந்தப் பேர் வேறு. ஊருக்குக் கதிரை நானா. கலியாண வீடு, மவுத்து வீடு எல்லாத்துக்கும் பிளாஸ்டிக் கதிரை வாடகைக்குக் கொடுப்பார். யுத்தம் முடிந்த பிறகு கலியாணம் கூடிப்போச்சு. ஆள் கொஞ்சம் நிமிர்ந்தார்.

அந்த நேரத்தில்தான் அவர் பெஞ்சாதி ஃபரீனா ராத்தாவுக்குப் புள்ள உண்டானது. முதல் இரண்டும் தங்கவில்லை. இது தங்க வேணும். எனக்கும் அதே மாதங்கள். எங்க வீட்டு ஆள் கட்டாரில் வேலை. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கிளினிக் போவோம். மணல் றோட்டு. ஆட்டோ போனால் புதையும். நடைதான்.

மருத்துவிச்சி மிஸ் ராத்தாவின் காலை விரலால் அமத்தினார். குழி விழுந்தது. எழும்பவில்லை.

"கனநேரம் நிக்காதீங்க. இரிக்கக்குள்ள காலைத் தூக்கி வைங்க. முகம் வீங்கினா, தலை இடிச்சா, உடனே வாங்க."

நானா கதவுக்கு வெளியே நின்று கேட்டார். அதுதான் பிழை.

முதலில் ஒரு சோடி ஆம்பிளைச் செருப்பு வந்தது.

"இது உங்கடயா?" என்றார் ராத்தா.

"உன்ட."

"ஒரு செருப்புலயே ரெண்டு காலும் போகுமே."

"போகட்டும். வீங்க இடம் வேணும்."

அடுத்த கிளினிக் நாள் வெளியே வந்தால், றோட்டு நெடுகக் கதிரை. மரத்துக்கு மரம் ஒன்று. முன்னால் கால் வைக்கக் கவிழ்த்த எண்ணெய்த் தகரம்.

"என்ன இது?" என்றார் ராத்தா.

"இரிந்து இரிந்து போ."

"ஊரே சிரிக்கிது."

"சிரிச்சா கால் வீங்காது."

ராத்தா முகத்தை மூடிக்கொண்டு, ஒன்றிலும் இராமல் நடந்தார். நான் எல்லாத்திலும் இருந்தேன். பேக்கரிப் பாண்காரர் சைக்கிளைச் சாத்திவிட்டு ஒன்றில் குந்திப் பீடி குடித்தார். ஒரு ஆடு தகரத்தில் ஏறி நின்றது. நானா ஆட்டை மட்டும் இறக்கினார்.

அதற்கடுத்த கிளினிக் நாள்தான் மாம்புரியில் ஒரு கலியாணம். நானா நாளைப் பார்க்காமல் ஓம் சொல்லிக் காசும் வாங்கியிருந்தார். பெண்ணின் வாப்பா வந்து நின்றார்.

"கதிரை எங்க, நானா?"

"றோட்டுல."

"றோட்டுல எத்தின பேர்?"

"ரெண்டு பேர்."

"எனக்கு எரநூறு பேர் வாறாங்க!"

"அவங்களுக்கும் கால் வீங்கியா இரிக்கி?"

மனிசன் லொறியைக் கொண்டு வந்து, கதிரைகளைத் தானே பொறுக்கத் தொடங்கினார். நானா பின்னால் வந்தார். வாங்கின காசு வாயை அடைத்திருந்தது. கடைசிக்கு முந்தின கதிரையில் நான் இருந்தேன்.

"தங்கச்சி, கொஞ்சம் எழும்புங்க."

"ஏலா."

உண்மையாகவே ஏலாது. செருப்பு வார் காலில் புதைந்திருந்தது.

மனிசன் கடைசிக் கதிரைக்குப் போய்க் கை வைத்தார். அதற்குள் ஃபரீனா ராத்தா போய் அதில் இருந்தார். அவ்வளவு நாளும் இராதவர். ஆம்பிளைச் செருப்போடு இரண்டு காலையும் தகரத்தில் தூக்கி வைத்தார்.

"இப்ப தூக்குங்க," என்றார்.

லொறி போய்விட்டது. நானா கடல் பக்கம் திரும்பி, தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். வெயில் என்றார். அன்றைக்கு மாம்புரியில் பெண்ணின் வாப்பா நின்றுகொண்டே சாப்பிட்டாராம்.

ராத்தாவுக்குத்தான் முதலில் புள்ள கிடைத்தது. பெண் புள்ள. நல்ல சுகம். நானா அன்றைக்கே றோட்டுக் கதிரைகளை எல்லாம் வீட்டுக்கு எடுத்தார்.

எனக்கு இன்னும் ஒரு கிளினிக் பாக்கி. அடுத்தவன் பெஞ்சாதியோடு நானா கதைக்க மாட்டார். என்னோடும் கதைத்ததில்லை. அன்றைக்குத் தனியாக நடந்து போனேன். பாதி வழியில், வேம்படியில், ஒரு கதிரை. முன்னால் தகரம். ஆள் இல்லை.

என் மகன் இப்போது பள்ளிக்குப் போகிறான். வேம்படிக் கதிரை இன்னும் அங்கேதான். வெயிலில் வெடித்தால் வேறு ஒன்று வருகிறது. எந்தக் கலியாணத்துக்கும் நானாவின் கதிரை ஒன்று குறையும். எங்கே என்று ஒருத்தரும் கேட்பதில்லை.