கசின் என்றொரு வசதி

சக்கரம், மின்சாரம், ஜிப் ஆகியவற்றுக்குப் பிறகு மனிதகுலம் கண்டடைந்த மகத்தான சாதனம் ‘கசின்’ என்ற சொல். நம் முன்னோர் பாவம், விரயப் பிரியர்கள். பெரியம்மா மகள் அக்கா, சித்தி மகன் தம்பி, அத்தை மகன் அத்தான் என்று ஆளுக்கொரு முறை வைத்து, முறைக்கேற்ற கடமையும் வைத்து அல்லாடினார்கள். அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் போய்ப் பார்க்க வேண்டும். கசினுக்குக் காய்ச்சல் என்றால் கைபேசியில் ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பினால் போதும்.

என் கசினுக்கு வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சை. கர்ப்பப்பையை எடுக்கிறார்கள். பெரியம்மா மகள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். பள்ளிக்கூடம் முடியும்வரை தினமும் எனக்குத் தலை பின்னிவிட்டவளும் அவள்தான்.

“மூணு நாள் கூட இருக்கியாடி? துணைக்கு ஆள் இல்லாம சேர்த்துக்க மாட்டாங்களாம்” என்று கேட்டாள்.

“இதென்னக்கா கேள்வி? வர்றேன்” என்றேன்.

சொன்ன கையோடு விடுப்பு விண்ணப்பம் எழுதினேன். ‘நோயாளியின் உறவு’ என்ற கட்டத்தில் ‘கசின்’ என்று தெளிவாகக் குறிப்பிட்டேன்.

எங்கள் மனிதவள மேலாளர் சுற்றறிக்கை இல்லாமல் தும்மக்கூட மாட்டார். ‘சர்க்குலர்’ என்பது நாங்கள் வைத்த செல்லப் பெயர். விண்ணப்பத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னம்மா, கசின்னு போட்டிருக்கீங்க? விதி ஏழுல கசினுக்கு லீவே கிடையாதே.”

“அதனால என்ன சார் பண்றது?”

“நீங்க அடிக்கடி சொல்ற பெரியம்மா பொண்ணுதானே? அப்ப அக்காதானே? ‘சிஸ்டர்’னு போடுங்க. எங்க சித்தப்பா பையனுக்குக் கால் ஒடிஞ்சப்ப நான் ‘பிரதர்’னு போட்டுத்தான் அஞ்சு நாள் எடுத்தேன்.”

“கூடப் பிறந்தாத்தானே சார் சிஸ்டர்?”

“நல்லாக் கேட்டீங்க! நம்ம ஸ்டோர் கீப்பரோட ‘பிரதர்’கள்ல இந்த வருஷம் மட்டும் ஏழு பேருக்கு உடம்பு சரியில்ல. அவரைப் பெத்த அம்மாவுக்குச் சிலையே வைக்கணும்!”

விண்ணப்பத்தை என் பக்கம் நகர்த்தினார். பேனாவின் மூடியையும் அவரே கழற்றிக் கொடுத்தார்.

“மாத்தி எழுதுங்க. நான் கண்ண மூடிக்கிறேன்.”

உண்மையாகவே மூடிக்கொண்டார்.

அந்த அரை நிமிடத்தில் என் மனச்சாட்சி விஸ்வரூபம் எடுத்தது. நேர்மை, சொற்சுத்தம், விதி ஏழின் மாண்பு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவற்றின் முதுகுக்குப் பின்னால் ஒரு மரப்பெஞ்சு, மூத்திரப் பை, மூன்று நாள் பினாயில் வாசனை எல்லாம் ஒண்டிக்கொண்டு நின்றன. நான் முன்வரிசையை மட்டும் பார்த்தேன்.

“பொய் எழுத மனசு வரல சார்.”

கண்ணைத் திறந்தவர் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். இவ்வளவு பெரிய ‘சத்தியவதி’ அவர் பணிக்காலத்தில் எதிர்ப்பட்டதில்லை போலும். பிறகு ‘நிராகரிக்கப்பட்டது’ முத்திரையை எடுத்துக் குத்தினார். ஒரு முத்திரைச் சத்தம் காதுக்கு அவ்வளவு இதமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

குரலில் போதிய வருத்தம் சேர்த்துக்கொண்டு தொலைபேசியில் அழைத்தேன்.

“அக்கா, லீவு தர மாட்டேன்னுட்டாங்கக்கா. ரூலாம். கசினுக்கெல்லாம் கிடையாதாம்.”

மறுமுனையில் யாரோ யாரையோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

“பரவால்லடி” என்றாள். “நான்தான் அவசரப்பட்டுட்டேன். துணைக்கு யார்னு இங்க ஃபாரத்துல கேட்டிருந்தாங்க. ‘தங்கச்சி’ன்னு எழுதிட்டேன். அடிச்சிடவா?”